நத்தை நியூயார்க் போன கதை



இந்த மாதப் பாடம் ஒரு சமையல்காரரைப் பற்றியது. "சமைக்கிறதுல எங்களுக்கு என்ன பாடம், நாங்க பொறந்ததுலேர்ந்து அடுப்படியிலதானே இருக்கோம்" என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு ஆர்டரில் அடி வாங்கிய பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தோம். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

சிதம்பரம் பக்கத்தில் நம்ம சமையல் குழுவுக்கு ஒரு அலுவலக விழாவில் 120 பேருக்கு மதியச் சாப்பாடு போடும் ஆர்டர் கிடைத்தது. குழுவில் உட்கார்ந்து பேசி ஒரு பட்டியல் எழுதினோம். சம்பா சாதம், கத்திரிக்காய் கொத்சு, கேழ்வரகு அடை, நண்டு ரசம், ஒரு கீரை. பட்டியலை வாங்கிப் பார்த்த சார் சிரித்துவிட்டார். "இதெல்லாம் வீட்ல திங்கிறதும்மா. பெரிய ஆளுங்க வர்றாங்க. ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன் போடுங்க" என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தோம். எங்களில் ஒருத்தருக்கும் அது கை வந்த சமையல் இல்லை. சாதம் குழைந்து ஒட்டிக்கொண்டது. காலிஃபிளவர் பரிமாறுவதற்குள் நமுத்துப் போனது. பேசிய தொகையில் பிடித்துக்கொண்டுதான் பணம் கொடுத்தார்கள். பொருள் வாங்கிய கடனுக்கே சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியதாயிற்று.

அந்த வாரக் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார், "கொத்சு போட்டிருந்தா தலைகீழா நின்னாலும் கெட்டுப் போயிருக்காது." இன்னொரு அக்கா உடனே, "நாம சாப்பிடுறத வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு, அதைப் போய் எப்படி விக்கிறது?" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. தீர்மான நோட்டில் அந்தக் கேள்வியை யாரும் எழுதவில்லை. ஆனால் எங்கள் மனசை விட்டு அது போகவில்லை.

அந்தக் கூச்சத்தைத் தாண்டி வந்த ஒருத்தரின் கதைதான் இது.

நத்தம் பக்கத்துப் பையன்

திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே வளர்ந்தவர் விஜய்குமார். அம்மாவும் பாட்டியும் சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர். பள்ளி விடுமுறைக்கு மதுரைப் பக்கம் அரசம்பட்டியில் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போவார். அங்கே வயல்வெளியில் நத்தை பொறுக்கிக்கொண்டு வந்து பாட்டி கையில் கொடுப்பதும், பாட்டி அதைப் புளியும் இஞ்சியும் போட்டுப் பிரட்டித் தருவதும் அவருக்கு மறக்காத ருசி. ஆனால் பள்ளிக்கூடத்தில் சக பிள்ளைகளிடம் "எங்க வீட்ல நத்தை சாப்பிடுவோம்" என்று சொல்லக் கூச்சப்பட்டதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வசதி இல்லாதவர்கள் தின்பது நத்தை என்ற எண்ணம். நம்ம ஊரிலும் அதுதானே? வயல் நண்டு, நத்தை, பழைய சோறு என்றால் விருந்தாளி வரும்போது பானையை உள்ளே தள்ளி வைக்கிறோமே!

அவருக்கு என்ஜினியர் ஆக ஆசை. வீட்டில் பணம் கட்ட வழியில்லை. அதனால் திருச்சியில் கேட்டரிங் படிப்பில் சேர்ந்தார். அந்தப் படிப்பில் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக் கொடுப்பார்கள். அங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பிரான்ஸ் நாட்டில் நத்தை என்பது பெரிய விருந்துச் சாப்பாடு! 'எஸ்கார்கோ' என்று அதற்குப் பெயர். பூண்டு, வெண்ணெய், பொடியாக நறுக்கிய ஒரு தழை, இவ்வளவுதான். அதை ஓட்டோடு தனித் தட்டில் வைத்து, எடுத்துச் சாப்பிடத் தனி முள்கரண்டியும் கொடுப்பார்கள். காசும் அதிகம். நத்தை இனம் வேறாக இருக்கலாம், சாப்பாட்டு வகை ஒன்றுதான். அவன் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்தான். நாம் மறைத்து வைத்தோம்.

பிரெஞ்சுக்காரன் என்றால் நமக்கு ரொம்பத் தூரம் இல்லை. கடலூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பாண்டிச்சேரி. 1954 வரைக்கும் அது அவர்கள் ஆட்சியில் இருந்த ஊர். இன்றைக்கும் அங்கே பிரெஞ்சுப் பெயரில் தெருக்களும் ஓட்டல்களும் இருப்பதை மருத்துவமனைக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

படித்து முடித்து சென்னை தாஜ் கன்னிமாரா ஓட்டலில் வேலை. அப்புறம் பயணிகள் கப்பலில் சமையல். கப்பல் சமையல் என்பது நம்ம ஊர்த் திருவிழாச் சமையல் மாதிரி, ஆனால் தினமும். அங்கேயிருந்து அமெரிக்கா போனார். கலிபோர்னியாவில் பர்லிங்கேம் என்ற ஊரில் 'ராசா' என்கிற தென்னிந்திய உணவகத்தில் தலைமைச் சமையல்காரரானார். அவர் கையில் அந்த உணவகத்துக்கு 'மிஷ்லன் ஸ்டார்' கிடைத்தது.

மிஷ்லன் என்பது பிரான்ஸ் நாட்டு டயர் கம்பெனி. நம்ம திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையிலும் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. கார் வைத்திருப்பவன் ஊர் ஊராகச் சுற்றினால்தான் டயர் தேயும், புது டயர் விற்கும் என்று 1900-ல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். எந்த ஊரில் எங்கே சாப்பிடலாம் என்பதும் அதில் இருக்கும். 1926-லிருந்து நல்ல உணவகத்துக்கு நட்சத்திரக் குறி போட ஆரம்பித்தார்கள். தான் யார் என்று சொல்லாமல் ஆள் வந்து, சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போய் எழுதுவார். டயர் விற்கப் போட்ட புத்தகம் இன்றைக்கு உலகத்துச் சமையல்காரர்களுக்கே மார்க் போடுகிறது! வியாபாரம் எப்படியெல்லாம் போகிறது பாருங்கள்.

'செம்ம'

2021-ல் நியூயார்க் நகரத்தில் விஜய்குமாரின் சமையலில் ஒரு உணவகம் திறந்தது. பெயர் 'செம்ம'. ஆமாம், நம்ம பிள்ளைகள் "செம்மயா இருக்கு" என்று சொல்லுமே, அதே செம்மதான். அதுவரை அமெரிக்காவில் பெரும்பாலான இந்திய ஓட்டலில் என்ன கிடைக்கும்? நான், பட்டர் சிக்கன், தந்தூரி. வெள்ளைக்காரருக்குக் காரம் ஆகாது என்று குறைத்துப் போடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. பாட்டி வைத்த நத்தைப் பிரட்டலைக் கல்தோசையோடு போட்டார். குடல் வறுவல் போட்டார். சீரகச் சம்பாவில் திண்டுக்கல் ஆட்டுக்கறி பிரியாணி போட்டார். பொடி தோசை போட்டார். பல பெயர்களை மாற்றவும் இல்லை. 'நத்தைப் பிரட்டல்' என்றே பட்டியலில் அச்சடித்திருந்தது. வருகிறவன் வாயில் நுழையவில்லை என்றால் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இந்த இடத்தில் நாங்கள் சார் முன்னால் தலையாட்டியதை நினைத்துக்கொண்டோம்.

2022-ல் செம்மவுக்கு மிஷ்லன் நட்சத்திரம் வந்தது. 2025-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அந்த நகரத்தின் சிறந்த நூறு உணவகங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் முதலிடம் செம்மவுக்கு. அதே நகரத்தில் 1986-லிருந்து நடக்கும் 'லெ பெர்னார்டான்' என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு மீன் உணவகமும் அந்தப் பட்டியலில் உண்டு. எரிக் ரிப்பேர் என்கிற பிரெஞ்சு சமையல்காரர் 1994-லிருந்து அதன் அடுப்படியைப் பார்க்கிறார். அப்பேர்ப்பட்ட இடமெல்லாம் இருக்கிற பட்டியலில் குடல் வறுவல் போடுகிற கடை முன்னால் நின்றது.

அதே 2025 ஜூன் மாதம் சிகாகோ நகரத்தில் 'ஜேம்ஸ் பியர்ட்' விருது விழா. அமெரிக்காவில் சமையல் தொழிலுக்கு 1991 முதல் கொடுக்கிற பெரிய விருது அது. நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்காரர் என்று விஜய்குமாரைக் கூப்பிட்டார்கள். வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த கறுத்த தோல் பையன் இந்த மாதிரி ஒரு மண்டபத்துக்கு வருவான் என்று தான் நினைத்ததே இல்லை என்றார். ஏழைச் சாப்பாடு, பணக்காரச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது, சாப்பாடு சாப்பாடுதான் என்கிற பொருளிலும் பேசினார். இந்தப் பேச்சை எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சி செல்போனில் போட்டுக் காட்டியபோது, "எப்படி விக்கிறது" என்று கேட்ட அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுப்படியை யார் பிரித்தது?

'ஷெஃப்' என்பது பிரெஞ்சுச் சொல். தலைவர் என்று அர்த்தம். வெறுமனே நன்றாகச் சமைக்கிறவருக்கு அந்தப் பெயர் இல்லை, அடுப்படியையே நடத்துகிறவருக்குத்தான். இந்த முறையைக் கட்டியதில் பெரிய பங்கு எஸ்கோஃபியே என்பவருக்கு உண்டு. 1846-ல் பிரான்சில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். 13 வயதிலேயே மாமா கடையில் எடுபிடி வேலைக்குப் போனார். 1890-லிருந்து லண்டன் சவாய் ஓட்டலில் சமையல் தலைவர். அதாவது இவரும் வெளிநாடு போய்ப் பிழைத்தவர்தான்.

அவர் காலத்து அடுப்படி நம்ம கல்யாணச் சமையல் கொட்டகையைவிட மோசம். சத்தம், குடி, கெட்ட வார்த்தை. அவர் குடியை நிறுத்தினார், கத்தாதே என்றார், வேலையைப் பிரித்துக் கொடுத்தார். குழம்பு ஒருத்தர், வறுவல் ஒருத்தர், காய்கறி ஒருத்தர், இனிப்பு ஒருத்தர். ஒரு தட்டுக்கு நாலு பேர் கை சேரும், ஆனால் யார் வேலை எது என்று எல்லோருக்கும் தெரியும். 1903-ல் அளவுகளோடு பெரிய சமையல் புத்தகமும் எழுதினார்.

அவருக்கும் ஒரு கறை உண்டு. 1898-ல் அவரை சவாய் ஓட்டலிலிருந்து வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சாமான் போடுகிற வியாபாரிகளிடம் கமிஷன் வாங்கியதை அவரே எழுதிக் கொடுத்து ஒப்புக்கொண்டது பல வருஷம் கழித்து வெளியே வந்தது. கொள்முதல் கணக்கை ஒருத்தர் கையிலேயே விடக்கூடாது என்று நம்ம கூட்டமைப்புப் பயிற்சியில் சொல்வது லண்டனுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

நாங்கள் இதைப் பேசிவிட்டு எங்கள் சமையலைத் திரும்பிப் பார்த்தோம். 120 பேர் ஆர்டரில் ஆறு பேரும் எல்லாவற்றையும் செய்தோம். உப்பு இரண்டு பேர் போட்டோம். சாதத்தை யாருமே பார்க்கவில்லை.

கொத்சுக்கு எத்தனை கிராம்?

சிதம்பரம் கொத்சு தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. நடராஜர் கோயிலோடும் சம்பா சாதத்தோடும் சேர்த்தே பேசப்படுகிற பதார்த்தம். பிஞ்சுக் கத்திரிக்காயை வதக்கி, வேகவைத்து மசித்து, புளிக்கரைசல் விட்டு, கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய் வறுத்துப் பொடித்துப் போட்டுக் கொதிக்க வைப்போம். சம்பா சாதத்துக்கு மிளகு, சீரகம், நெய். எளிமையாகத்தான் தெரியும். குழுவில் ஆறு பேரை ஒரு கிலோ கத்திரிக்காய் கொடுத்துத் தனித்தனியாக வைக்கச் சொன்னோம். ஆறும் ஆறு ருசி. ஒன்று புளிப்பு, ஒன்று காரம், ஒன்றில் பொடி தூக்கல். எதுவும் மோசமில்லை. ஆனால் நேற்று சாப்பிட்டவர் இன்றைக்கு வந்து அதே ருசியைக் கேட்டால் நாம் மாட்டிக்கொள்வோம். "கைப்பக்குவம்" என்று நாம் பெருமையாகச் சொல்வது வீட்டுக்குச் சரி, வியாபாரத்துக்குப் போதாது.

எந்தக் கொத்சு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சாப்பிட்டுப் பார்த்துத் தீர்மானித்தோம். ஜெயித்தவர் குழுவிலேயே வயசானவர், ஆயா என்று கூப்பிடுவோம். அவரை மறுபடி வைக்கச் சொல்லி, அவர் கை போடப் போட, நடுவில் தராசை வைத்து நிறுத்து எழுதினோம். "என்னடி, என் கையையே நிறுத்துப் பாக்குறீங்க" என்று ஆயா கோபித்துக்கொண்டார். அப்புறம் அந்த நோட்டை வாங்கித் தன் பெயரை மேலே எழுதச் சொன்னார். எழுதினோம்.

நத்தை பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு நாளைக்கே வயலில் இறங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் நத்தையைப் பொறுக்கி வந்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு மண்ணைக் கக்க வைப்பார்கள். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, கொதிக்க விட்டு, மூடியை எடுத்து, சதையை உருவி, குடல் பகுதியை நீக்கி, மஞ்சள் போட்டுத் தேய்த்து அலசிய பிறகுதான் சட்டியில் போடுவார்கள். அரைவேக்காட்டு நத்தையிலிருந்து மூளையைத் தாக்குகிற ஒரு புழு மனிதருக்கு வரும். அதனால் நன்றாக வெந்தே தீர வேண்டும். அதோடு இன்றைக்கு வயலில் பூச்சிமருந்து அடிக்கிறோம். மருந்து அடித்த வயல் நத்தை வேண்டவே வேண்டாம். நத்தை மூலத்துக்கு நல்லது என்று ஊரில் சொல்வார்கள், அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

நம்ம பக்கத்தில் சொல்லக் கூச்சப்படுகிற சாப்பாடு நத்தை மட்டுமில்லை. பிச்சாவரம் கழிமுகத்துத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் சகோதரிகள் இருக்கிறார்கள். பிடித்ததை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தில் அவர்கள் வைக்கிற தொக்கு வெளியில் யாருக்கும் தெரியாது. பண்ருட்டிப் பலாக்கொட்டைக் குழம்பு, பரங்கிப்பேட்டைக் கருவாட்டுக் குழம்பு, கேழ்வரகுக் கூழ். உங்கள் ஊரில் இன்னும் என்னென்ன என்று நீங்களே எழுதுங்கள். விற்பதாக இருந்தால் சிறு உணவு வியாபாரத்துக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்திருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

ஆயாவுக்குச் சம்பளம் யார் கொடுத்தது?

இப்போது மறுபடி எங்கள் குழுவுக்கு வருகிறோம். அளவு நோட்டு எழுதிய பிறகு ஒரு வீட்டு விசேஷத்துக்கு 60 சாப்பாடு ஆர்டர் வந்தது. இந்தத் தடவை நாங்களே சம்பா சாதமும் கொத்சும் என்று சொன்னோம். ஒரு சாப்பாடு 80 ரூபாய். எல்லாம் தட்டில் மிச்சமில்லாமல் போனது. மொத்தம் 4800 ரூபாய் கைக்கு வந்தது. அரிசி, காய், நெய், சாமான் 2650. கேஸ் 350. வண்டி 400. இலை, கப் 250. ஆக மொத்தச் செலவு 3650. மிச்சம் 1150 ரூபாய் லாபம் என்று எழுதிக் கைதட்டினோம்.

கணக்குப் பார்க்கிற தங்கச்சி மட்டும் கைதட்டவில்லை. "ஆறு பேர் விடியக்காலை நாலு மணிக்கு எழுந்திரிச்சு மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் நின்னோம். 1150-ஐ ஆறால வகுத்தா ஆளுக்கு 191 ரூவா. இது லாபமா, கூலியா?" என்றாள். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலியே ஒரு நாளைக்கு 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஆறு பேருக்கு 2016 ரூபாய் வருகிறது. அதைச் செலவில் சேர்த்தால் லாபம் போய் 866 ரூபாய் நஷ்டம்! நஷ்டமில்லாமல் இருக்கவே ஒரு சாப்பாடு 95 ரூபாய் வைத்திருக்க வேண்டும்.

விஜய்குமாரின் நத்தைப் பிரட்டல் அவருடைய பாட்டி கையில் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை, எங்கே பேசினாலும் அம்மாவையும் பாட்டியையும் சொல்கிறார். அது அவருடைய பெரிய மனசு. ஆனால் அதே பிரட்டலை நியூயார்க்கில் போட்டால் அரிசிக்கு ஒரு விலை, அடுப்புக்கு ஒரு விலை, சமைக்கிறவர் கைக்கும் ஒரு விலை சேர்ந்துதான் தட்டுக்கு விலை போடுகிறார்கள். வீட்டில் சமைத்த பெண்ணின் கைக்கு எந்தக் காலத்திலும் யாரும் விலை போட்டதில்லை. சமையல் என்றால் பெண்கள் வேலை என்பார்கள், சம்பளத்துக்குச் சமையல் என்றால் மட்டும் ஆண்கள் வந்து நிற்கிறார்கள். இதில் வருத்தம் என்னவென்றால், கொத்சுக்குக் கிராம் கணக்கு எழுதிய நாங்களே, எங்கள் கைக்கு விலை எழுத மறந்துபோனோம்.

உங்கள் குழுவில் சமையல், தையல், மசாலா அரைப்பு என்று எந்தத் தொழில் நடந்தாலும் கடைசியாகச் செய்த ஆர்டரின் பில்லை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எங்கள் குழுவில் வரவு செலவு நோட்டில் 'சாமான்', 'கேஸ்', 'வண்டி' என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு போட்டு 'கை கூலி' என்று தலைப்பு எழுதியிருக்கிறோம். ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை. ஆயா 500 என்கிறார், தங்கச்சி 400 போதும் என்கிறாள். வரும் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பேசி எழுதப் போகிறோம்.